வொஷிங்டனின் முடிவுகளும் தலவாக்கலையின் கொழுந்தும்

அமெரிக்காவின் வெளிநாட்டுக் கொள்கை பற்றிய விவாதங்கள் எமது நாட்டில் பெரும்பாலும் கொழும்பிலேயே ஆரம்பித்துக் கொழும்பிலேயே முடிந்துவிடுகின்றன. இராஜதந்திரிகள், பேராசிரியர்கள், அரசியல்வாதிகள் ஆகியோருக்கு மட்டுமே உரிய விடயமாக அது கருதப்படுகிறது. ஆனால், வளைகுடாவில் ஒரு யுத்தம் மூளும்போதும், ஒரு நாட்டின் மீது பொருளாதாரத் தடை விதிக்கப்படும்போதும், செங்கடலில் கப்பல் ஒன்று தாக்கப்படும்போதும் அதன் விலையில் ஒரு பங்கைச் செலுத்துபவர்கள் தலவாக்கலையிலும் ஹட்டனிலும் நானுஓயாவிலும் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறும் தொழிலாளர்கள் என்பது பேசப்படுவதில்லை. உலக சமாதானம் என்பது மலையக மக்களைப் பொறுத்தவரை வெறும் இலட்சியச் சொல் அல்ல. அது நாட்சம்பளத்தோடு பிணைந்த விடயமாகும்.

தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் அமைந்துள்ள சென் கூம்ஸ் தோட்டத்தைத் தன்னகத்தே கொண்ட தலவாக்கலை, உயர்நிலத் தேயிலையின் கேந்திர நிலையங்களுள் ஒன்றாகும். அங்கு பறிக்கப்படும் கொழுந்து தூளாகி, 1883ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் கொழும்பு ஏலத்துக்கு வருகிறது. இலங்கையின் தேயிலை உற்பத்தியில் மிகப் பெரும் பகுதி வெளிநாடுகளுக்கே செல்கின்றது. 2024ஆம் ஆண்டில் ஏறக்குறைய 24 கோடியே 50 இலட்சம் கிலோ தேயிலை ஏற்றுமதி செய்யப்பட்டு, சுமார் 140 கோடி டொலர் வருமானமாகக் கிடைத்தது. அந்த ஆண்டில் எமது தேயிலையை அதிகமாக வாங்கிய நாடு ஈராக். அடுத்த நிலையில் இருந்தது ரஷ்யா. ஐக்கிய அரபு அமீரகம், துருக்கி, ஈரான், லிபியா, சிரியா ஆகியவையும் நீண்டகாலமாகவே எமது முக்கிய வாடிக்கையாளர்களாக இருந்து வந்துள்ளன. கடந்த 35 ஆண்டுகளில் அமெரிக்காவின் படைபலமோ பொருளாதாரத் தடையோ பிரயோகிக்கப்பட்ட நாடுகளின் பட்டியலை எடுத்துப் பார்த்தால், எமது தேயிலைச் சந்தையின் பட்டியலும் அதுவும் பெருமளவில் ஒன்றாகவே இருப்பதைக் காணலாம்.

இறப்பரும் அரிசியும்

வல்லரசின் கொள்கையும் இலங்கையின் பெருந்தோட்டங்களும் மோதிக்கொண்டது இன்று நேற்றல்ல. கொரிய யுத்தத்தின் போது, 1951ஆம் ஆண்டு மே மாதத்தில், சீனாவுக்கு யுத்த முக்கியத்துவம் வாய்ந்த பொருட்களை விற்கக் கூடாது என ஐக்கிய நாடுகள் சபை தீர்மானம் நிறைவேற்றியது. இறப்பரும் அவற்றுள் அடங்கியது. அப்போது இலங்கை ஐ.நா.வில் அங்கத்துவம் பெற்றிருக்கவில்லை. உலகச் சந்தையில் அரிசியின் விலை உயர்ந்து, இறப்பரின் விலை வீழ்ச்சியடைந்த நிலையில், டட்லி சேனநாயக்கவின் அரசாங்கம் 1952 டிசம்பரில் சீனாவுடன் இறப்பர் - அரிசி ஒப்பந்தத்தைச் செய்துகொண்டது. ஆண்டொன்றுக்கு 50,000 தொன் இறப்பருக்கு 270,000 தொன் அரிசி என்பது அதன் சாராம்சம். வர்த்தக அமைச்சராக இருந்த ஆர். ஜி. சேனநாயக்க இதன் பின்னணியில் நின்றார்.

அந்த அரசாங்கம் இடதுசாரி அரசாங்கம் அல்ல; மேற்குலகின் நண்பனாகவே தன்னைக் கருதிய அரசாங்கம். ஆயினும், கம்யூனிச நாடுகளுக்கு யுத்தப் பொருட்களை விற்கும் நாடுகளுக்கு உதவி மறுக்கும் அமெரிக்கச் சட்டத்தின் கீழ், இலங்கைக்கு உதவி கிடைக்கும் வாய்ப்பு 1956 வரை இல்லாமற் போனது. மக்களுக்குச் சோறு போடுவதற்காகச் செய்யப்பட்ட ஒரு வியாபாரம் வல்லரசுப் போட்டியின் கண்ணாடி வழியாகப் பார்க்கப்பட்டது.

பத்தாண்டுகள் கழித்து இரண்டாவது மோதல் ஏற்பட்டது. சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தை நிறுவி, 1962ஆம் ஆண்டில் எஸ்ஸோ, கல்டெக்ஸ், ஷெல் ஆகிய கம்பனிகளின் சொத்துகளில் ஒரு பகுதியைச் சுவீகரித்தது. நட்டஈடு உரிய காலத்தில் வழங்கப்படவில்லை எனக் கூறி, 1963 பெப்ரவரியில் அமெரிக்கா தனது உதவியை இடைநிறுத்தியது. அமெரிக்கக் காங்கிரஸ் இதற்கென நிறைவேற்றிய ஹிக்கன்லூப்பர் திருத்தம் முதன்முதலில் பிரயோகிக்கப்பட்ட நாடு இலங்கையே. 1965இல் ஆட்சி மாறி, நட்டஈட்டுப் பிரச்சினை தீர்க்கப்பட்ட பின்னரே உதவி மீண்டும் ஆரம்பமானது.

எனினும், வரலாற்றின் மறுபக்கத்தையும் கூறுவது நேர்மையாகும். 1956இல் எகிப்து சுயஸ் கால்வாயைத் தேசியமயமாக்கியதை அடுத்து, பிரித்தானியாவும் பிரான்சும் இஸ்ரேலும் அந்நாட்டைத் தாக்கின. அப்போது தனது நெருங்கிய நேச நாடுகளையே எதிர்த்து, அவர்களைப் பின்வாங்கச் செய்வதில் முன்னின்றவர் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர். போர் விரைவில் நின்றது. கால்வாய் 1957 ஏப்ரலில் மீண்டும் திறக்கப்பட்டது. இலங்கைத் தேயிலை லண்டனுக்குச் சென்ற பாதை அதுதான். வொஷிங்டன் நினைத்தால் ஒரு யுத்தத்தை நிறுத்தவும் முடியும் என்பதற்கு அதைவிடச் சிறந்த உதாரணம் அரிது. 1967 யுத்தத்தின் பின்னர் அதே கால்வாய் 1975 வரை எட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்தது என்பதையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

ஈராக் தந்த பாடம்

1990 ஓகஸ்ட் 2ஆம் திகதி சதாம் ஹுசைனின் படைகள் குவைத்தை ஆக்கிரமித்தன. அது சர்வதேச சட்டத்தை அப்பட்டமாக மீறிய செயல் என்பதில் சந்தேகமில்லை. நான்கு நாட்களில் ஐ.நா. பாதுகாப்புச் சபை 661ஆம் இலக்கத் தீர்மானத்தின் மூலம் ஈராக் மீது முழுமையான வர்த்தகத் தடையை விதித்தது. குவைத்தில் வேலை செய்துகொண்டிருந்த பல்லாயிரக்கணக்கான இலங்கையர் அனைத்தையும் இழந்து நாடு திரும்பினர். எமது தேயிலையின் முக்கிய சந்தையொன்று ஒரே வாரத்தில் மூடப்பட்டது.

தடையின் வாசகத்தில் மனிதாபிமானத் தேவைக்கான உணவுப் பொருட்களுக்கு விலக்கு இருந்தது. ஆனால், ஒரு நாட்டின் பணம் முடக்கப்பட்டு, வங்கிகளின் வழி அடைபட்டால், பொருளுக்கு விலக்கு இருந்தும் பயனில்லை. வாங்குபவனிடம் தேவை இருக்கிறது. விற்பவனிடம் தேயிலை இருக்கிறது. பணம் கைமாற வழியில்லை. நவீன பொருளாதாரத் தடைகள் இயங்கும் முறை இதுதான். இதனை விளங்கிக்கொள்ளாமல் பின்னர் ஈரானுக்கு நேர்ந்ததையும் விளங்கிக்கொள்ள முடியாது.

1995இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட 986ஆம் இலக்கத் தீர்மானத்தின்படி, 1996 டிசம்பரில் 'எண்ணெய்க்கு உணவு' திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஐ.நா.வின் கண்காணிப்பின் கீழ் இலங்கைத் தேயிலை மீண்டும் ஈராக்குக்குச் சென்றது. ஆனால், 2003 மார்ச் 20ஆம் திகதி பாதுகாப்புச் சபையின் புதிய அங்கீகாரம் இன்றி அமெரிக்காவும் பிரித்தானியாவும் ஈராக் மீது படையெடுத்தன. பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாகக் கூறப்பட்டே அந்த யுத்தம் ஆரம்பிக்கப்பட்டது. 2004ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சொந்த ஆய்வுக் குழுவே அத்தகைய ஆயுதக் கையிருப்புகள் எவையும் இருக்கவில்லை என அறிக்கையிட்டது. ஐ.நா.வின் அப்போதைய செயலாளர் நாயகம் கோபி அனான், அந்த யுத்தம் ஐ.நா. சாசனத்துக்கு முரணானது என 2004 செப்டம்பரில் வெளிப்படையாகக் கூறினார். அதன் விளைவாக மூண்ட உள்நாட்டு மோதல்களும், பின்னர் தலைதூக்கிய ஐ.எஸ். இயக்கமும் அந்தப் பிராந்தியத்தைப் பல ஆண்டுகள் அலைக்கழித்தன. 2011இல் லிபியாவில் நேட்டோவின் தலையீடும், அதே ஆண்டில் ஆரம்பமான சிரிய யுத்தமும் எமது மேலும் இரு சந்தைகளைப் பாதித்தன.

தேயிலைக்கு எண்ணெய்

ஈரான் விடயம் இன்னும் நுணுக்கமானது. 1969இல் இயங்க ஆரம்பித்த சப்புகஸ்கந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம், ஈரானின் மசகு எண்ணெய்யைச் சுத்திகரிப்பதற்கு ஏற்றவாறு அமைக்கப்பட்டதாகும். இலங்கை அங்கிருந்து எண்ணெய் வாங்கியது. ஈரான் இங்கிருந்து தேயிலை வாங்கியது. இருதரப்புக்கும் பொருத்தமான இந்த உறவு, ஈரானின் அணுசக்தித் திட்டம் தொடர்பில் அமெரிக்கா 2012இல் இறுக்கிய தடைகளால் சிக்கலுக்கு உள்ளானது. வாங்கிய எண்ணெய்க்குச் செலுத்த வேண்டிய சுமார் 25 கோடியே 10 இலட்சம் டொலரை அனுப்புவதற்கு வழியில்லாமற் போனது.

2015 ஜூலையில் ஈரானுக்கும் ஆறு வல்லரசுகளுக்கும் இடையே அணுசக்தி உடன்படிக்கை கைச்சாத்தானபோது நிம்மதி பிறந்தது. அது நீடிக்கவில்லை. 2018 மே 8ஆம் திகதி ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப் அந்த உடன்படிக்கையிலிருந்து அமெரிக்காவை விலக்கிக்கொண்டார். ஒரு ஜனாதிபதி கைச்சாத்திட்டதை அடுத்த ஜனாதிபதி கிழித்துப்போட முடியும் என்றால், சிறிய நாடுகள் எதனை நம்பித் தமது வர்த்தகத்தைத் திட்டமிடுவது என்ற கேள்வி அன்று எழுந்தது.

இந்தச் சூழ்நிலையிலேயே 2021 டிசம்பரில், எண்ணெய்க் கடனுக்கு ஈடாக மாதாந்தம் 50 இலட்சம் டொலர் பெறுமதியான தேயிலையை ஈரானுக்கு அனுப்பும் ஒப்பந்தத்தை இலங்கை செய்துகொண்டது. ஏற்றுமதியாளருக்கு ரூபாவில் பணம் செலுத்தப்படும். ஈரானியக் கொள்வனவாளர் தமது நாணயத்தில் செலுத்துவார். டொலர் எல்லை தாண்ட வேண்டியதில்லை. நாடு பெரும் பொருளாதார நெருக்கடிக்கு உள்ளான பின்னர், 2023இலேயே இது செயற்படத் தொடங்கியது. 1952இன் இறப்பர் - அரிசி ஒப்பந்தத்தை நினைவூட்டும் இந்தப் பண்டமாற்று, டொலரின் ஆதிக்கத்தைச் சுற்றிச் செல்ல ஒரு சிறு நாடு கண்டுபிடித்த குறுக்குப்பாதையாகும். ஆனால், 2025 ஜூன் 13ஆம் திகதி இஸ்ரேல் ஈரானைத் தாக்கியது. ஜூன் 22ஆம் திகதி அமெரிக்கப் போர் விமானங்கள் போர்டோ, நத்தான்ஸ், இஸ்பஹான் ஆகிய அணுசக்தி நிலையங்களின் மீது குண்டு வீசின. அதே ஆண்டு செப்டம்பரில் ஐ.நா. தடைகளும் மீண்டும் அமுலுக்கு வந்தன. குறுக்குப்பாதையும் பாதுகாப்பானது அல்ல என்பது அப்போது தெளிவாகியது.

உயர்நிலத்துக்கு எப்படி வருகிறது?

இங்கு ஒரு நியாயமான கேள்வி எழலாம். மத்திய கிழக்கு நாடுகள் விரும்பி வாங்குவது பெரும்பாலும் காலி, மாத்தறை, இரத்தினபுரி மாவட்டங்களின் தாழ்நிலத் தேயிலையையே. தலவாக்கலையின் உயர்நிலத் தேயிலைக்கு ஐரோப்பாவும் ஜப்பானும் முக்கிய சந்தைகள். அப்படியாயின் பக்தாதில் விழும் குண்டு தலவாக்கலையை எவ்வாறு பாதிக்கும்?

முதலாவது வழி எண்ணெய். வளைகுடாவில் பதற்றம் ஏற்பட்டால் எரிபொருள் விலை ஏறும். கொழுந்து ஏற்றும் லொறி முதல் தொழிற்சாலை வரை செலவு கூடும். மண்ணெண்ணெய், மா, அரிசி ஆகியவற்றின் விலை தோட்டக் கடையில் உயரும். இரண்டாவது வழி கப்பல். 2023 ஒக்டோபரில் காஸா யுத்தம் ஆரம்பமானதை அடுத்து, அவ்வாண்டு நவம்பர் முதல் யேமனின் ஹூதி இயக்கத்தினர் செங்கடலில் கப்பல்களைத் தாக்கினர். 2024 ஜனவரியில் அமெரிக்காவும் பிரித்தானியாவும் யேமன் மீது பதில் தாக்குதல் நடத்தின. ஐரோப்பா செல்லும் கப்பல்கள் ஆபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்ல நேர்ந்தது. கூலியும் காப்புறுதியும் நாட்களும் கூடின. உயர்நிலத் தேயிலையின் பாதையும் அதுவே.

மூன்றாவது வழி ஏலம். ஏற்றுமதியாளரின் பணம் ஒரு நாட்டில் முடங்கினால், அடுத்த ஏலத்தில் அவர் வாங்கும் அளவு குறையும். நான்காவது வழி மனிதர்கள். தோட்ட வருமானம் போதாமல் குவைத், சவூதி அரேபியா, லெபனான் ஆகிய நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களாகச் சென்ற மலையகத் தாய்மார் ஏராளம். 1990இல் குவைத்திலும் 2006இல் லெபனானிலும் குண்டுமழைக்கு நடுவே சிக்கிய இலங்கைப் பெண்களின் துயரம், லயன் அறைகளில் காத்திருந்த குடும்பங்களின் துயரமாகவும் இருந்தது.

போர் மட்டுமல்ல, வரியும் ஆயுதமாகலாம். 2025 ஏப்ரல் 2ஆம் திகதி அமெரிக்கா இலங்கைப் பொருட்களுக்கு 44 வீதத் தீர்வையை அறிவித்தது. ஜூலையில் அது 30 வீதமாகவும், ஓகஸ்ட் முதல் 20 வீதமாகவும் குறைக்கப்பட்டது. நவம்பரில் தேயிலைக்கு விலக்கு அளிக்கப்பட்டது. ஆனால் ஆடைகளுக்கு அந்த விலக்கு கிடைக்கவில்லை. மலையகத்திலிருந்து சென்று கொழும்பிலும் சுதந்திர வர்த்தக வலயங்களிலும் ஆடைத் தொழிற்சாலைகளில் உழைக்கும் இளம் பெண்களுக்கு இது பொருட்டற்ற செய்தியல்ல.

இலாபம் யாருக்கு, நட்டம் யாருக்கு?

இவ்விடத்திலேயே பிரச்சினையின் மையம் இருக்கிறது. சம்பள உயர்வு கோரப்படும் ஒவ்வொரு தடவையும் பெருந்தோட்டக் கம்பனிகள் உலகச் சந்தையின் நிலையற்ற தன்மையைக் காரணம் காட்டுகின்றன. நாட்சம்பளத்துக்குப் பதிலாக, வருமானத்தோடும் விலையோடும் இணைந்த கொடுப்பனவு முறைக்கு மாற வேண்டும் என்றும் அவை கூறிவருகின்றன. சந்தை நிலையற்றது என்பது உண்மையே. ஆனால், அனுபவம் காட்டுவது வேறொன்றையும்தான்.

2022 பெப்ரவரி 24ஆம் திகதி ரஷ்யா உக்ரேனை ஆக்கிரமித்தது. ரஷ்ய வங்கிகள் சர்வதேசக் கொடுப்பனவு வலையமைப்பிலிருந்து நீக்கப்பட்டன. அதே காலத்தில் இலங்கை வங்குரோத்து நிலையை அடைந்தது. டொலரின் பெறுமதி சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியது. இதனால் கொழும்பு ஏலத்தில் தேயிலையின் சராசரி விலை 2021இல் கிலோவுக்கு சுமார் 620 ரூபாவாக இருந்து, 2022இல் 1,200 ரூபாவைத் தாண்டியது. அதாவது, ரூபாக் கணக்கில் ஏறக்குறைய இரட்டிப்பானது. தொழிலாளியின் நாட்சம்பளமோ 2021 மார்ச்சில் நிர்ணயிக்கப்பட்ட அதே 1,000 ரூபாவாகவே நின்றது. உரமும் மின்சாரமும் விலையேறியதால் கம்பனிகளின் செலவும் கூடியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், மாவும் அரிசியும் விலையேறியபோது தொழிலாளியின் செலவும் கூடியது. 2024 செப்டம்பரிலேயே அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாக உயர்த்தப்பட்டது. இடைப்பட்ட மூன்றரை ஆண்டுகளின் இழப்பை எவரும் ஈடுசெய்யவில்லை.

விலை இறங்கும்போது உலக நிலைமை காரணமாகிறது. விலை ஏறும்போது அந்தக் காரணம் பேசப்படுவதில்லை. விலையோடு சம்பளத்தை முழுமையாகப் பிணைத்துவிட்டால், பக்தாதிலும் தெஹ்ரானிலும் மொஸ்கோவிலும் ஏற்படும் அதிர்ச்சிகள் எவ்விதத் தடுப்பும் இன்றிக் கொழுந்து பறிப்பவரின் தோளில் நேரடியாக இறங்கும். சேமிப்போ காணியோ இல்லாத ஒரு சமூகத்தால் அந்தச் சுமையைத் தாங்க இயலாது.

செய்ய வேண்டியவை

அமெரிக்காவை வெறுமனே நிந்திப்பதால் பயன் விளையாது. இலங்கை ஏற்றுமதிப் பொருட்களை அதிகமாக வாங்கும் தனி நாடு அமெரிக்காவே. 2012, 2013, 2014ஆம் ஆண்டுகளில் ஜெனீவாவில் இலங்கை தொடர்பான தீர்மானங்களை முன்வைத்ததும் அமெரிக்காவே. 2018 ஜூனில் அதே மனித உரிமைகள் பேரவையை விட்டு வெளியேறியதும் அமெரிக்காவே. வல்லரசுகளின் நிலைப்பாடுகள் நீதியால் மட்டுமன்றி நலன்களாலும் தீர்மானிக்கப்படுகின்றன என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உக்ரேன் விடயத்தில் ரஷ்யாவும் அதையே நிரூபித்தது.

சிறிய நாட்டுக்குள்ள பாதுகாப்பு, சர்வதேசச் சட்டமும் அணிசேராக் கொள்கையுமே. இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாகப் பிரகடனப்படுத்தும் தீர்மானம் 1971 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் நிறைவேறியது இலங்கையின் முன்முயற்சியால்தான். எதிர்த்து ஒரு வாக்கும் அளிக்கப்படவில்லை. எனினும் அமெரிக்கா உள்ளிட்ட 55 நாடுகள் வாக்களிப்பதைத் தவிர்த்தன. டியாகோ கார்சியாவில் அமெரிக்கத் தளம் அமைவதை அந்தத் தீர்மானம் தடுக்கவில்லை. ஆயினும், ஒரு சிறு நாடு தன் நலனையும் உலக சமாதானத்தையும் ஒரே குரலில் பேச முடியும் என்பதை அது காட்டியது. அந்தக் குரல் பிற்காலத்தில் மங்கிப்போனமை வருந்தத்தக்கது.

உள்நாட்டில் செய்யக்கூடியவையும் உள்ளன. தேயிலை ஏற்றுமதியிலிருந்து அறவிடப்படும் வரிகளின் ஒரு பகுதியைக் கொண்டு, யுத்தம் அல்லது தடை காரணமாகச் சந்தை வீழ்ச்சியடையும் காலத்தில் தொழிலாளரின் வேலை நாட்களைப் பாதுகாக்கும் நிதியம் ஒன்றை ஏற்படுத்தலாம். ஈரானுடனான பண்டமாற்றின் கணக்கு விபரங்களைப் பாராளுமன்றத்தில் காலத்துக்குக் காலம் சமர்ப்பிக்கலாம். சம்பள நிர்ணயத்தில் குறைந்தபட்ச நாட்சம்பளத்தை அசைக்காமல், விலை உயரும் ஆண்டுகளில் மேலதிகப் பங்கு வழங்கும் முறையைக் கொண்டுவரலாம். மலையகப் பிரதிநிதிகள் வெளிநாட்டலுவல்கள் விவாதங்களில் கலந்துகொண்டு, தடைகளும் தீர்வைகளும் தோட்டங்களில் ஏற்படுத்தும் தாக்கத்தை எடுத்துரைக்க வேண்டும். தொழிற்சங்கங்கள் தமது ஆய்வுகளில் கிலோ கணக்கோடு உலகச் சந்தையின் கணக்கையும் சேர்க்க வேண்டும்.

காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து மலைக்குச் செல்லும் பெண்ணிடம் வொஷிங்டனிலோ மொஸ்கோவிலோ எவரும் கருத்துக் கேட்பதில்லை. ஆனால், அங்கு எடுக்கப்படும் முடிவுகளின் விலை அவரிடமிருந்து அறவிடப்படுகிறது. உலக சமாதானத்தைப் பற்றிப் பேசுவதற்கு அவருக்கு உள்ள உரிமை எந்த வெளிநாட்டமைச்சருக்கும் குறைந்ததல்ல. அந்த உரிமையை உரிய சபைகளில் ஒலிக்கச் செய்வது, அவரது வாக்கைப் பெற்றுச் சென்றவர்களின் கடமையாகும்.